அம்மாவுக்கென்று ஒரு டாக்டர்

தை மாதம் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன மறுநாளே 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். "பெரியம்மா, கையை நீட்டுங்க" என்று பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, நோட்டில் எழுதி, மாத்திரை கொடுத்தார். பத்துப் பைசா வாங்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. நான் வசிக்கும் லண்டனில் எனக்கு இப்படி யாரும் வீடு தேடி வந்ததில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கால் வீங்கியது. பதறிப்போய் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பழைய சீட்டை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை, எக்கோ, ஸ்கேன் என்று சாயங்காலத்துக்குள் ஏழாயிரம் ரூபாய் கரைந்தது. எல்லாம் நார்மல். வீக்கம் மட்டும் வற்றவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்குத்தான். வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவாது.

அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அந்த இளம் டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ரெண்டு மாசம் முன்னாடி பிரஷர் மாத்திரை அம்லோடிபின் அளவைக் கூட்டியிருக்காங்கம்மா. அதுக்குச் சிலருக்குக் கால் வீங்கும்" என்றார். மாத்திரையை மாற்றினார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது.

இங்கிலாந்தில் என் பெயர் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்திருக்கிறது. பதிந்த ஆட்களின் வயது, நோய்ச்சுமையைக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. நான் பத்து தடவை போனாலும் அதே பணம்தான்; டெஸ்ட் எழுதினால் அவருக்குக் கூடுதலாக எதுவும் வராது. அங்கேயும் குறை உண்டு. பல இடங்களில் காலை எட்டு மணிக்குப் போனில் வரிசை நிற்க வேண்டும். ஏழைகள் அதிகமுள்ள பகுதிகளுக்கு அந்தக் கணக்கு போதுமான பணம் தருவதில்லை என்ற புகாரும் இருக்கிறது.

நம் ஊரில் நிலையம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, அந்த அக்காவும் இருக்கிறார். ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு டாக்டர் பெயரில் பதிந்து, முதியவர்கள் அதிகமுள்ள நிலையத்துக்குக் கூடுதல் பணமும் ஆளும் கொடுத்தால் போதும், அம்மா மதுரைக்கு அலைய வேண்டியிருக்காது.

கிளம்பும் அன்று அம்மா கேட்டார்: "அந்த டாக்டர் தம்பி மேல்படிப்புக்குப் போறாராம்ப்பா. அடுத்து வர்றவருக்கு என் கால் கதை தெரியுமா?"