மைவிக்கு ஆல் சீசன் டயர் தேவையா? மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் பெரோடுவா மைவி 1.3 காருக்கு டயர் மாற்றும் நேரம் வந்தபோது, இங்கிலாந்தில் இருக்கும் மனைவியின் தம்பி, "ஆல் சீசன் போட்டுடுங்க மச்சான், வருசம் பூரா கவலையில்ல" என்றார். அவர் ஊருக்கு அது சரி. குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். ஆல் சீசன் ரப்பர் அப்போதும் இளகியே இருக்கும். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1978-இல், கேமரன் மலையில். ஆகவே சுங்கை சிப்புட் கடையில் கிடைக்கும் சாதாரண டயரே நமக்கு வருசம் பூரா ஓடும். பனிக்கு ஏற்றது என்று டயரில் பொறித்திருக்கும் முத்திரைக்காகக் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கத் தேவையில்லை.

நாம் பார்க்க வேண்டியது மழையை. அகலமான நீள்பள்ளங்கள் உள்ள, ஈரப் பிடிமானத்துக்கென்று செய்த டூரிங் வகை டயரைத் தேர்ந்தெடுத்தேன். அளவு 175/65 ஆர்14, சுமை எண் 82. அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். பிள்ளைகளும் அத்தையும் ஏறினாலும் பயமில்லை.

எங்கள் தோட்டத்துச் சாலை செம்மண். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் அந்தச் சேற்றைத் தார்ச்சாலை வரை இழுத்து வந்துவிடும். உதிர்ந்த பழங்கள் வேறு நசுங்கி எண்ணெய் கசியும். வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் அந்த வளைவுதான் உண்மையான சோதனை. பழைய டயரில் அங்கே ஸ்டியரிங் லேசாக வழுக்கும். இதில் மண்கட்டிகள் மட்கார்டில் படபடவென்று தெறித்து விழும். சிறிது தூரத்திலேயே பள்ளங்கள் சுத்தமாகிவிடும், கார் சொன்ன பேச்சு கேட்கும். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

குறையும் உண்டு. தேயத் தேயச் சத்தம் கூடியது; ஈப்போ போகும் நெடுஞ்சாலையில் நன்றாகவே கேட்கிறது. ஒருமுறை செம்பனை மட்டை முள் டயரின் நடுவில் குத்தியது. உள்ளிருந்து ஒட்டுப் போட்டதோடு சரி. பக்கச் சுவரில் குத்தியிருந்தால் டயரையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

முன்சக்கர இழுவை என்பதால் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிவிடுகிறேன். காற்றைக் காலையில், வண்டி எடுத்து ஓடுவதற்கு முன்பே பார்ப்பேன். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நாலு எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 3521 என்றால் 2021-இன் 35-ஆம் வாரத்தில் செய்தது. எனக்கு முதலில் எடுத்து வைத்தது பழைய சரக்கு. கேட்டதும் தவுக்கே (கடை முதலாளி) மாற்றிக் கொடுத்தார்.

பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை தெரிவது, பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது. ஆனால் ஈரத்தில் பிரேக் பிடிப்பது அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். எங்கள் முன் டயர்கள் இப்போது 3 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டன. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னே மாற்றப்போகிறேன். மறுபடியும் இதே வகைதான்.