பாட ஓரத்தில் அறுபது பேர்: கூகுள் டாக்ஸா, ஹைப்போதசிஸா, பெரூசாலா?

வகுப்புக்கு வருமுன்பே பாடத்தைப் படித்து, அதன் ஓரத்திலேயே மாணவர்கள் சேர்ந்து குறிப்பெழுத வேண்டும். இதற்கு மூன்று கருவிகளை என் தமிழ் வகுப்புகளில் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் கூகுள் டாக்ஸ். எல்லாரிடமும் ஜிமெயில் இருக்கிறது, சொல்லித்தர ஒன்றுமில்லை. ‘செம்புலப் பெயல்நீர் போல’ காதலர் இருவரின் நெஞ்சம் கலந்ததைச் சொல்லும் சங்கப் பாட்டு, குறுந்தொகை 40-ஐ அதில் ஒட்டி, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘எடிட்டர்’ அனுமதி கொடுத்தது என் தப்பு. விடிவதற்குள் பாட்டின் கடைசி அடியைக் காணோம்! பழைய வெர்ஷனைத் தேடி மீட்டேன். ‘கமென்டர்’ அனுமதியே போதும். ஆனால் இருபது பேர் எழுதினாலே ஓரம் சந்தைக்கடையாகிவிடுகிறது.

ஹைப்போதசிஸ், 2011-இல் லாப நோக்கமின்றித் தொடங்கப்பட்ட திறந்த மூலக் கருவி; இணையப் பக்கம், பிடிஎஃப் மேலேயே குறிப்பெழுதலாம். குறிப்புகள் தனி அடுக்கில் நிற்பதால் மூலத்தில் யாரும் கைவைக்க முடியாது. தனிக் குழு அமைக்கலாம். மாணவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் குறிப்பு பொதுவெளிக்குப் போய்விடும், கவனம். உலாவியில் சேர்க்கும் இதன் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) மொபைல் குரோமில் ஓடாது. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் பிடிஎஃப் என்றால், அடிக்கோடிட்ட வரி குறிப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். யூனிகோடில் திரும்ப அடிப்பதுதான் வழி. அடித்தேன், வீண்போகவில்லை. ‘செம்புலம்’ என்ற சொல்லில் ஒரு மாணவி “செம்மண் நிலம்தானே?” என்று கேட்டிருந்தாள். அடியில் இன்னொருவன்: “எங்க ஊர்ல மழை பெஞ்சா தண்ணி அப்படித்தான் ஓடும், பிரிக்கவே முடியாது.” மூன்றாவது ஆள்: “அப்போ இவங்க ரெண்டு பேர்ல மண்ணு யாரு, தண்ணி யாரு?” அன்றைய வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

பெரூசால், ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரும் சகாக்களும் உருவாக்கியது. பெரிய வகுப்பைத் தானே சிறு குழுக்களாகப் பிரித்துவிடும். என் இளங்கலை வகுப்பின் அறுபது பேருக்கு இது பெரிய உதவி. மாணவர்கள் எங்கே குழம்பினார்கள் என்றும் தொகுத்துக் காட்டும். எனக்கு ஒவ்வாதது அதன் தானியங்கி மதிப்பெண். மதிப்பெண் உண்டு என்று தெரிந்ததும் “மண்ணு யாரு” மாதிரி ஒற்றை வரிக் கேள்விகள் நின்றுபோய், விடைத்தாள் நடையில் நாலு வரி வரத் தொடங்கியது. அணைத்துவிட்டேன்.

இப்போது பதினான்கு பேர் கொண்ட முதுகலை வகுப்புக்கு ஹைப்போதசிஸ், இளங்கலைக்கு மதிப்பெண் அணைத்த பெரூசால். கருவி பழகாத புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் மட்டும் கூகுள் டாக்ஸ், ‘கமென்டர்’ அனுமதியோடு.