ஜாத்திலுவே கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் மூன்று இரவுகள்

பர்மாவில் பெகு பக்கம் நெல் விளைத்த குடும்பத்தில் பிறந்து, யாங்கூனில் குடியேறிய எனக்கு, பாலித் தீவின் பத்துக்காரு மலைச்சரிவிலுள்ள ஜாத்திலுவேயில் ஒரு விவசாயியின் வீட்டில் ஜூலை மாதம் தங்கியது, தாத்தாவின் வீட்டுக்கே திரும்பியது போல இருந்தது. அறை எளிமையானது, சுத்தமானது. இரண்டாம் நாள் மட்டும் வெந்நீர் வரவில்லை.

சிவப்பரிசிச் சோற்றுக்காகவே அங்கே போகலாம். அந்த நாட்டு நெல் விளைய ஐந்தாறு மாதம் ஆகும். வீட்டு அம்மா உள்ளங்கைக்குள் மறையும் சிறு கத்தியால் கதிர்களை ஒவ்வொன்றாக அறுத்துக் காட்டினார். நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீ அஞ்சிவிடக் கூடாது என்பதற்காகவே கத்தியை அப்படி மறைத்துப் பிடிக்கிறார்களாம். நம் வீட்டுத் திருமகளின் பெயரை அங்கே கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

வாய்க்கால் நீரை விவசாயிகளே கூடிப் பேசிப் பகிர்ந்துகொள்ளும் ‘சுபாக்’ முறைக்காக, 2012இல் யுனெஸ்கோ இவ்வயல்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பயணிகள் பெருகினாலும், சாலையோரம் கடை வைத்தவருக்குக் கிடைக்கும் வருமானம் உள்வயல்காரருக்குக் கிடைப்பதில்லை. இவ்வீட்டு மகனும் தீவின் தலைநகரான டென்பசாரில் ஒரு ஹோட்டலில்தான் வேலை பார்க்கிறார். ஆகவே, படம் எடுக்கும் இடங்களை மட்டும் காட்டி என்னை அவசரப்படுத்திய பயண முகவர் வழியாகப் போகாமல், நேரே வீட்டாரிடமே பேசித் தங்குங்கள். திரும்பும்போது அவர்களிடமே இரண்டு கிலோ சிவப்பரிசி வாங்கிக்கொள்ளுங்கள்.