ஆயில் மாற்றியதாக பில், உள்ளே இருந்தது பழைய ஆயில்: காரைக்குடி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பச்சியையும் ஆத்தாளையும் ஊரில் விட்டுவிட்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். எஞ்சின் ஆயில் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 4,870 ரூபாய் வாங்கினார்கள். ஆயிலை மாற்றவே இல்லை, அதை வடிகட்டும் ஃபில்டரையும் மாற்றவில்லை. பழைய ஆயிலின் மேலேயே கொஞ்சம் புதிதை ஊற்றி, பானெட்டைத் துடைத்து, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு கண்டனூரில். சின்ன பெட்ரோல் கார், பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டி, நான்தான் ஓட்டுகிறேன். பெரும்பாலும் காரைக்குடிக்குப் போய்வருவதோடு சரி. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் பக்கத்து ஊர்கள். வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிசு. வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் புதுவயலில் இருக்கிறார். மகள் கல்யாணம் என்று அவர் கடையைப் பூட்டியிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆயிலுக்கு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அதனால் காரைக்குடியில் கண்ணாடி ஆபீஸ், ஏசி, காபி மெஷின் எல்லாம் வைத்து நடத்தும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வண்டியை வாங்கிக்கொண்டவர் கிலோமீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. "ஆச்சி, நம்ம ஊரு வெயிலுக்கு ஆயில் மூணு மாசத்துக்கு மேல தாங்காது. ஒரு வருஷமாவா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க? எஞ்சினுக்குள்ள சேறாத்தான் இருக்கும், ஃப்ளஷ் போட்டே ஆகணும்" என்றார். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்றுதான் இருக்கிறது, எஞ்சினை உள்ளே கழுவும் ஃப்ளஷ் என்று ஒரு வேலையே அதில் இல்லை, வேண்டாம் என்றேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் ஏசி ரூம்ல உக்காந்து எழுதுனது ஆச்சி" என்றார்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். கஸ்டமர் உள்ளே வரக்கூடாது, இன்சூரன்ஸ் பிரச்சினை வரும் என்று போர்டைக் காட்டினார்கள். பில் வந்தது. ஆயில் நான்கு லிட்டர் 2,760, ஃபில்டர் 210. வேண்டாம் என்று சொன்ன ஃப்ளஷுக்கு 650. மீதி 1,250 கூலியும் வாட்டர் வாஷும். கையேட்டுப்படி எங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டரை ஒட்டித்தான் ஆயில் பிடிக்கும், நான்கு லிட்டர் எப்படி என்று கேட்டேன். நான்கு லிட்டர் கேனாகத்தான் வரும் என்றார்கள். அப்படியானால் மிச்சத்தையும், கழற்றிய பழைய ஃபில்டரையும் கொடுங்கள் என்றேன். "பழசெல்லாம் அப்பவே ஏத்தி அனுப்பியாச்சு." ஃப்ளஷ்? "போட்டாச்சு ஆச்சி, இனிமே எடுக்க முடியாதே." பணம் கட்டினால்தான் சாவி. கட்டினேன்.

மறுநாள் மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. தூரப் பயணத்துக்கு முன்னால், ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். எஞ்சின் ஆறி, வண்டி சமதரையில் நிற்கும்போது பார்க்கவேண்டும். குச்சியை இழுத்து, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்தேன். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் என்றால் செக்கு நல்லெண்ணெய் நிறத்தில், குச்சியின் கோடு தெளிவாகத் தெரியும்படி இருக்கும். இது கறுப்பு. துணியில் வைத்தால் நடுவில் கரித்திட்டு மாதிரி நின்றது. அளவோ மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. முந்தைய வாரம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த அளவு அது. அந்த வண்டியை எடுக்காமல் வாடகைக் காரில் மதுரை போய்வந்தேன்.

அளவு கூடினால் நல்லதுதானே என்று சிலர் நினைப்பார்கள். நல்லதில்லை. கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலுக்குள் முங்கி அடித்தால் நுரை தள்ளும். நுரையை பம்ப் சரியாக இழுக்காது, அழுத்தம் குறையும், சீல் வழியாக ஒழுகவும் ஆரம்பிக்கும். ஊற்றாமல் விட்டிருந்தால்கூட இதைவிடப் பரவாயில்லை.

புதுவயல் மெக்கானிக் கடை திறந்ததும் வண்டியைக் கொண்டுபோனேன். ரேம்பில் ஏற்றி, "ஆச்சி, நான் எதையும் தொடலை. முதல்ல நீங்க வந்து பாருங்க, போட்டோ எடுத்துக்கங்க" என்று கூப்பிட்டார். டார்ச் அடித்துக் காட்டினார். ஆயில் தேங்கும் சம்பின் அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டைச் சுற்றி நம்மூர்ச் செம்மண் தோலாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் போல்ட்டின் முனைகளில் பளிச்சென்று இரும்பு தெரியும், மண் உதிர்ந்திருக்கும். ஒரு கீறல் இல்லை. அப்புறம் ஃபில்டர். அதை மட்டும் துணியால் துடைத்துப் புதிது போலக் காட்டியிருந்தார்கள். ஆனால் அவர் தான் மாட்டும் ஒவ்வொரு ஃபில்டரின் அடியிலும் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவார். போன வருஷத் தேதி, 31,240 என்ற எண், அவர் கையெழுத்திலேயே அப்படியே இருந்தது. துடைத்தவர்கள் பக்கவாட்டை மட்டும் துடைத்திருக்கிறார்கள்.

போட்டோ எடுத்த பிறகுதான் போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். ஃபில்டரை பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போனேன். மேனேஜர் வந்தார். "ஆச்சி, ஆயில் ஊத்தின உடனே கறுப்பாத்தான் ஆகும், டீசல் வண்டி அப்படித்தான்." தம்பி, இது பெட்ரோல் வண்டி என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு ஆச்சி, அண்ணனை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது, பில் என் பெயரில் இருக்கிறது, என்னிடமே பேசுங்கள் என்று ஃபில்டரை மேஜையில் வைத்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் பேச்சு மாறியது. பையன் வேறு வண்டி என்று நினைத்து மாற்றிவிட்டான் என்றார். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் 2,970 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலியையும் ஃப்ளஷ் பணத்தையும் தர முடியாது என்றார்கள். நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றதற்கும் முடியாது என்றார்கள்.

பையன் மேல் பழி போடுவதை நான் நம்பவில்லை. ஃபில்டரைத் துடைத்த கை, அது பழையது என்று தெரிந்துதான் துடைத்தது. நான் அங்கே பேசிக்கொண்டிருந்தபோது வேட்டியும் துண்டுமாக ஒரு பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே மூன்று மாசக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது அவரை நினைத்துத்தான். நம் பக்கத்தில் பெரிய வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டு வயசானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், கார் ஷெட்டில் நிற்கிறது, பிள்ளைகள் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று இந்த மாதிரி இடங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று மாசம், ஐயாயிரம் கிலோமீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர், மாருதி 800 காலத்தில் மினரல் ஆயில் ஊற்றி ஓட்டிய பழக்கம் அது. அப்போது சரி. இப்போதைய எஞ்சினும் சின்தடிக் ஆயிலும் வேறு. இன்று ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாசம் என்றுதான் கம்பெனி சொல்கிறது. உங்கள் வண்டிக்கு என்ன என்பது டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் கையேட்டில் இருக்கிறது, ஒர்க்‌ஷாப் ஒட்டும் ஸ்டிக்கரில் இல்லை. டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு எரியும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். அது ஆயிலின் அழுத்தம் விழுந்தால் எரியும் விளக்கு. ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கவேண்டும்.

வெயிலைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, உண்மையில் நம் ஊரில் ஆயிலைக் கெடுப்பது வேறு. குட்டிக் குட்டிப் பயணங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் எரியாத பெட்ரோல் கொஞ்சமும், எரியும்போது உண்டாகும் நீராவியும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். நல்ல தூரம் ஓடினால் ஆயில் சூடேறி அவை ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து கோயில் என்று ஓட்டினால் ஆயில் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். ஈரம் உள்ளேயே தங்கி, அமிலமாகி, நாளடைவில் பிசின் போலப் படியும். கூடவே செம்மண் புழுதி. ஏர் ஃபில்டர் அடைத்தோ கிழிந்தோ இருந்தால் பொடி எஞ்சினுக்குள்ளேயே போகும். குறைந்த தூரப் பயணம், புழுதி, வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடுவது இவற்றையெல்லாம் கடினமான பயன்பாடு என்று பல கையேடுகளில் தனி அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். சில கம்பெனிகள் அதற்கு இடைவெளியைப் பாதியாகக் குறைத்திருக்கும். உங்கள் ஓட்டம் அதில் வந்தால் அந்தக் கணக்கைப் பிடியுங்கள்.

ஷெட்டில் நிற்கும் கார்களுக்கும் இதே கதைதான். வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, எதற்கு மாற்றவேண்டும் என்று கேட்கிறார்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் ஆனால் மாற்றத்தான் வேண்டும். ஆயிலில் கலந்திருக்கும் மருந்துச் சரக்கும் காலத்தில் வீரியம் குறையும்.

கிரேடிலும் ஏமாற்று உண்டு. 0டபிள்யூ-20 என்றால் முதல் எண் ஆறிய எஞ்சினில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் சூடான எஞ்சினில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்வது. கையேட்டில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ போட்டிருந்தால் அதைத்தான் ஊற்றவேண்டும். "வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று பீப்பாயிலிருந்து 20டபிள்யூ-50 பிடித்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பிஎஸ் 6 டீசல் என்றால் இன்னும் கவனம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போடவேண்டும், தவறினால் அந்த ஃபில்டர் அடைத்துச் செலவு எகிறும். டீசலில் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மாற்றிக் கொஞ்சம் ஓட்டினாலே கறுத்துவிடும். அதனால் டீசல்காரர்கள் ஆயில் இறங்குவதையே நேரில் பார்த்துவிடுங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். வண்டியைக் கொடுக்கும் முன்பே டிப்ஸ்டிக்கை போட்டோ எடுத்துக்கொள்கிறேன். ஃபில்டரின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். சீல் உடைக்காத கேனை என் முன்னால் திறக்கவேண்டும், எம்ஆர்பியும் பேட்ச் எண்ணும் நான் பார்க்கவேண்டும், மிச்ச ஆயிலும் பழைய ஃபில்டரும் டிக்கியில் வரவேண்டும் என்று, செய்யவேண்டிய வேலைகளை ஒர்க்‌ஷாப் குறிக்கும் ஜாப் கார்டிலேயே எழுத வைக்கிறேன். காலிக் கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன், நல்ல கேனில் கழிவு ஆயிலை நிரப்பி மறுபடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் வேறு கடை. வீட்டில் பெரியவர்கள் மட்டும் என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், ஆயில் வடிவதைப் பிள்ளைகள் வீடியோ காலில் பார்க்கலாம். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி வருகிறவர்கள் கிளம்பும் அவசரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டம் சேரும் நாளில்தான் துடைத்து அனுப்புவது அதிகம் நடக்கிறது என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார்.

மீதி 1,900 ரூபாயை நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், ஒர்க்‌ஷாப்பிலிருந்து இன்னும் பதில் இல்லை. பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். உங்கள் வீட்டிலும் இதே போல நடந்திருந்தால், ஜிஎஸ்டி எண் போட்ட பில் கையில் இருந்தால், அதை எறியாமல் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் 1915-க்குக் கூப்பிடுங்கள்.