போ பிளான் சர்க்கரை ஆலை: பலகைகளைப் படிக்குமுன் கூரையை அண்ணாந்து பாருங்கள்

மொரீஷியஸின் வடக்கே, பாம்ப்ளெமுஸ் தாவரவியல் பூங்காவுக்கு அருகில், 1999 வரை கரும்பு அரைத்துவந்த போ பிளான் தோட்ட ஆலை 2002இல் ‘லாவாந்த்யூர் டு சுக்ர்’ என்னும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பூங்காவுக்கு வரும் இத்தீவுத் தமிழர்களாகிய நம்மவர்கள் பலர் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வீடு திரும்பிவிடுகிறார்கள். இத்தீவின் வரலாறு ஒரே கூரையின் கீழ் விரிந்து கிடக்கும்போது அதைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்தவுடன் பலரும் விளக்கப் பலகைகளைத் தேடிப் போகிறார்கள். சற்று நின்று, மேலே கூரையையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தையும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் சர்க்கரை ஆலை அழகுக்காக உயர்த்திக் கட்டப்பட்டதன்று; சாறு மேலிருந்து கீழே தானாக இறங்கி வர வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டப்பட்டது. சாற்றை ஒருமுறை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டால், வெற்றிடக் கொப்பரையில் (காற்றை வெளியேற்றிய மூடிய கொப்பரையில்) வெந்த பாகு, அதற்குக் கீழே உள்ள தொட்டிகளில் குளிர்ந்து, அதற்கும் கீழே சுழலும் கூடைகளில் விழுந்து சர்க்கரையாகவும் கழிவுப்பாகாகவும் பிரிந்துவிடும். எந்தக் கலம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சாற்றின் போக்கு தீர்மானித்தது. அந்தக் கலங்களைச் சுற்றித்தான் கட்டடம் எழுந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், படிக்கட்டுகளும் நடைபாலங்களும் ஏன் அங்கங்கே அப்படி வளைந்து ஏறுகின்றன என்பது தானே விளங்கும்.

இத்தீவின் பழைய ஆலைகளுக்குக் கல்லுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எரிமலை மண்ணைக் கரும்பு வயலாக்கும்போது பொறுக்கி எடுத்த கருங்கல் இன்றும் வயல் நடுவே குவியல் குவியலாகக் கிடப்பதை நாம் காண்கிறோம். அந்தக் கல்லைச் செதுக்கி, பவளப் பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் அடுக்கி, சுவர்களையும் புகைபோக்கிகளையும் எழுப்பினார்கள். இரும்புத் தூண்களும் தகடுகளும் நீராவி எந்திரங்களும் கடல் கடந்து வந்தன. கல் உள்ளூருடையது, இரும்பு ஐரோப்பாவுடையது, கைகள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவை.

எந்திரங்களை அகற்றாமல் அவை நின்ற இடத்திலேயே விட்டுவைத்ததுதான் இந்த அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய சிறப்பு. அரைக்கும் உருளைகளின் மேல் வரிவரியாக ஓடும் பள்ளங்களைக் கிட்டே நின்று பாருங்கள். கரும்பு வழுக்காமல் பிடிபடவும், பிழிந்த சாறு வழிந்து இறங்கவும் அவை உதவுகின்றன. நூறு டன் கரும்பு அரைத்தால் ஏறத்தாழ முப்பது டன் சக்கை மிஞ்சும். சர்க்கரை கிடைப்பது பத்து அல்லது பதினொரு டன்தான். அந்தச் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாகி, அரைக்கவும் காய்ச்சவும் வேண்டிய நீராவியைத் தந்தது. புகைபோக்கி அத்தனை உயரமாக நிற்பதும் அடுப்புக்குக் காற்றை இழுப்பதற்காகத்தான்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை ஆவியாக்கும் கலங்களும் வெற்றிடக் கொப்பரையும். திறந்த கொப்பரையில் நெருப்பை நேராக மூட்டிக் காய்ச்சிய காலத்தில், சாறு கருகியதோடு அடிமைகளின் கைகளும் வெந்தன. 1813ஆம் ஆண்டு வாக்கில் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் காற்றை வெளியேற்றிய மூடிய கொப்பரையில் குறைந்த சூட்டிலேயே பாகைக் கொதிக்க வைக்கும் முறையைக் கண்டார். பிறகு, லூசியானாவில் பிறந்த, ஆப்பிரிக்க வம்சாவளித் தாயின் மகனான நார்பர்ட் ரில்லியூ, ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கும் தொடர்முறைக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். விக்டோரியா காலச் சர்க்கரைத் தொழிலை மாற்றியவை இவ்விரண்டும். கொப்பரையின் பக்கவாட்டில் உள்ள தடித்த கண்ணாடிச் சாளரத்தைத் தவறாமல் பாருங்கள். பாகு காய்ச்சுபவர் அதன் வழியே உள்ளே கவனித்து, சிறு குழாயால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் படிகங்களின் அளவைக் கண்டு அடுத்த முடிவை எடுப்பார். முழு ஆலையின் ஒரு நாள் உழைப்பும் அந்த ஒரு துளியைப் பார்க்கும் கண்ணை நம்பி நின்றது.

இத்தகைய எந்திரங்கள் விலை உயர்ந்தவை என்பதால்தான் சிறு ஆலைகள் மறைந்தன. 1858இல் இத்தீவில் 259 ஆலைகள் இருந்தன. 1864இல் இரயில் ஓடத் தொடங்கியது. கரும்பை நெடுந்தூரம் கொண்டுசெல்ல முடிந்ததும், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் ஆலை என்பது தேவையற்றுப் போயிற்று. இன்று மொத்தம் மூன்றுதான் இயங்குகின்றன. வயல் நடுவே தனியே நிற்கும் புகைபோக்கிகள் அப்படி மூடப்பட்டவற்றின் மிச்சங்கள். அவற்றைப் பேருந்திலிருந்து பார்த்தே வளர்ந்த நமக்கு, அவற்றின் கீழே என்ன இருந்தது என்பதைக் காட்டுகிறது போ பிளான்.

வரலாற்றுப் பகுதி டச்சுக்காரர் 1639இல் கரும்பு கொண்டுவந்ததில் தொடங்கி, பிரெஞ்சு ஆட்சி, 1810இல் ஆங்கிலேயர் கைப்பற்றியது, 1835இல் அடிமை முறை ஒழிந்தது என்று நடந்துசெல்கிறது. அடிமைத்தனத்தை மூடி மறைக்காமல், சர்க்கரைக் கதையின் நடுவிலேயே வைத்திருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. அடுத்து வரும் ஒப்பந்தக் கூலிகளின் பகுதியில் நாம் நம் முன்னோரைச் சந்திக்கிறோம். 1834 முதல் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களும் அவர்களுள் உண்டு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்ட தோட்டங்கள் அவை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில் லபூர்தொன்னே இத்தீவின் ஆளுநராக இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயி நகரை எழுப்புவதில் பங்கு கொண்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குப் போகிற வழியிலேயே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது. விளக்கங்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. தமிழில் ஒரு சிறு கையேடாவது கிடைத்தால் திருமுறை வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைத்துச் செல்ல வசதியாக இருக்கும் என்பது என் விருப்பம்.

வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். அவசரமின்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். இயன்றால் ஆலையிலோ வயலிலோ வேலை பார்த்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பல்சக்கரம் எந்த ஓசை எழுப்பும் என்பதை எந்தப் பலகையும் அவரைப் போலச் சொல்லாது. உள்நாட்டவர்க்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வளாகத்திலேயே உணவகமும் கடையும் உள்ளன.

முடிவில் பலவகைச் சர்க்கரைகளைச் சுவைக்கத் தருகிறார்கள். தேமராராவின் பொன்னிறப் படிகம் பல்லில் கடிபடும். அடர்ந்த மஸ்கோவாடோ, கழிவுப்பாகு முழுதும் நீங்காததால் ஈரமாக, கருப்பட்டியைப் போல மணக்கிறது. ஒன்றுதான் வாங்குவதென்றால் அந்த மஸ்கோவாடோவை வாங்குங்கள். பொங்கலுக்கு வெல்லத்தோடு பாதி அளவு இதைச் சேர்த்தால் நிறமும் மணமும் நன்றாக வரும். ஆனால் உப்பும் கசப்பும் சற்று உண்டு என்பதால் முழுவதுமாக இதையே போட வேண்டாம்.