ஃப்ரைட் ஃபார்வர்டிங் ஆன்லைன் கோர்ஸ்: என் 480 டாலர் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று இரவுதான் கடைசி பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்காதாம். 480 டாலர். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரைட் ஃபார்வர்டிங் எனும் சர்வதேச சரக்குப் போக்குவரத்து ஏற்பாடு, ஏற்றுமதி இறக்குமதி இரண்டின் அடிப்படைகளையும் எட்டு வாரத்தில் சொல்லித்தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் ஆன்லைன் பயிற்சித் தளம் அது. பெயர் எழுதவில்லை. நேரடி வகுப்பு, சந்தேகம் கேட்கத் தனி ஆள், உலகம் முழுக்கச் செல்லும் சான்றிதழ் என்று எல்லாம் தருவதாகச் சொன்னார்கள்.

நான் விழுந்தது அந்த இலவச அறிமுக வகுப்பில்தான். ஆசிரியர் ஒரு பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பலில் ஏற்றும் சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் தாளை, திரையில் திறந்தார். மவுஸை மெதுவாக நகர்த்தி, சரக்கைப் பெறுபவர் பெயர் வரும் கன்சைனி என்ற கட்டத்தில் நிறுத்தினார். "இங்கே 'டு ஆர்டர்' என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். இப்படி இருந்தால் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே சரக்கு கைமாறிவிடும். விமானச் சரக்குக்குத் தரும் ஏர்வே பில்லில் இது நடக்காது" என்றார். அவ்வளவு நாளும் வெறும் ரசீது என்று நினைத்திருந்த தாள், சரக்கின் மேல் உரிமையே கொடுக்கிற தாள் என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. இப்படிச் சொல்லித்தருகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று மனசு சொல்லிவிட்டது. வகுப்பு முடிவதற்குள் கட்டினால்தான் இந்தக் கட்டணம் என்றார்கள். கட்டினேன், 480 டாலர், ஒரே தவணையில்.

அதற்கப்புறம் அந்த ஆசிரியரை நான் பார்க்கவே இல்லை. நேரடி வகுப்பு என்றார்கள். வந்ததெல்லாம் பழைய ரெக்கார்டிங். யாரோ ஒருவர் ஸ்லைடை அப்படியே வாசிக்கிறார். சரி, பாடம் சரியாக இருந்தால் போதும் என்று உட்கார்ந்து நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

அது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? ஒரு ஃபார்வர்டிங் அலுவலக இன்டர்வியூவில். "கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. போடலாமா, எஃப்.சி.ஏ.வா?" என்று இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்டார். விற்பவரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்று சொல்லும் விதிகள் இவை: எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில், எஃப்.சி.ஏ. என்றால் வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது. எஃப்.ஓ.பி. என்றேன். சரக்கு கப்பலின் ரெயிலை, அதாவது ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைத் தாண்டியதும் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும் என்று நோட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். டெர்மினலில் இறக்கி ஒப்படைப்பதைக் குறிக்கும் டி.ஏ.டி. என்ற விதியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்த ரெயில் கணக்கை, இந்த விதிகளின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 2010 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள், இப்போது சரக்கு கப்பலில் ஏறி அமர்ந்தால்தான் பொறுப்பு மாறும் என்றார். டி.ஏ.டி.யும் 2020 பதிப்பில் டி.பி.யு. ஆகிவிட்டது. கண்டெய்னரை விற்பவர் டெர்மினலில் ஒப்படைத்துவிடுகிறார். கப்பலில் ஏறும்வரை அது அவர் கையில் இல்லை, ஆனால் எஃப்.ஓ.பி.யில் பொறுப்பு மட்டும் அவர் தலையில். அதனால்தான் எஃப்.சி.ஏ. இரண்டே நிமிடத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார். வாய் வரவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்து எல்லா வீடியோவையும் திரும்பப் பார்த்தேன். இன்கோடெர்ம்ஸ் 2000, 2010 இரண்டிலிருந்தும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதி பற்றிய பாடத்தில், அதற்கான சர்வதேச விதித்தொகுப்பில் யு.சி.பி. 500தான் நடப்பு விதி என்கிறார்கள். 2007 ஜூலையிலிருந்து 600 அமலில் இருக்கிறது. எடையைச் சரிபார்த்துத் தெரிவிக்காமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலையிலிருந்து கட்டாயம். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு ஷிப்மென்டில் இந்த அறிவை நம்பி யாராவது கையெழுத்துப் போட்டால் நஷ்டம் 480 டாலரோடு நிற்காது.

புகார் அனுப்பினேன். முதல் பதில்: "குரூப்பில் கேளுங்கள்." குரூப்பில் கேட்டால், "மென்டர் பயணத்தில் இருக்கிறார்." அடுத்த வாரம், "டிக்கெட் போடுங்கள்." டிக்கெட் போட்டால், மூன்றாவது பாடத்தைத் திறந்துவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். திறக்காமல் தப்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் ஒரு பையன், "கவலைப்படாதீங்க, அட்வான்ஸ்டு கோர்ஸ்ல எல்லாம் அப்டேட் பண்ணியிருக்கோம், உங்களுக்குத் தள்ளுபடி தரச் சொல்றேன்" என்றான். 480 டாலர் போன ஆளிடம் மறுபடி பணம் கேட்கிறான்!

சான்றிதழ் கதை இன்னும் மோசம். ஃபியாட்டா தரம் என்று போட்டிருந்தார்கள். ஃபியாட்டா என்பது ஃபார்வர்டிங் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. ஃபியாட்டாவின் டிப்ளோமா, அதில் உறுப்பினரான நாட்டுச் சங்கங்கள் வழியாகத்தான் வரும். எந்தச் சங்கம் என்று மூன்று முறை கேட்டேன், பதிலே இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது ஓடவில்லை. இலவச வகுப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். நடுவில் உள்ள ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்கோடெர்ம்ஸ் எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேளுங்கள், 2020 என்று உடனே வராவிட்டால் எழுந்துவிடுங்கள். ரீஃபண்ட் விதியைப் பணம் கட்டும் முன் வாசியுங்கள்.

முக்கியமாக, ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் ஸ்லைடுகளை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் தப்பைச் சுட்டிக்காட்டிய மறுநாளே அந்த வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ஆதாரம் கேட்கிறார்கள், என்னிடம் இருப்பது என் நோட்டு மட்டும்.