மீன் எண்ணெய் மாத்திரை: முன்பக்கம் ஆயிரம், பின்பக்கம் முந்நூறு

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் மீன் எண்ணெய் மாத்திரை கிடைக்காத இடமில்லை. பார்மசி, சீனர் மருந்துக்கடை, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, போதாததற்கு வீடு தேடி வரும் டைரக்ட் செல்லிங் அக்காமார். சில வருஷமாக வெவ்வேறு பிராண்ட் வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் பாட்டிலைக் கையில் எடுத்ததும் பின்பக்கம்தான் திருப்புவேன்.

முன்பக்கம் '1000 மில்லிகிராம்' என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை மட்டும். நாம் காசு கொடுப்பது அதிலுள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகளுக்கு. சாதா மாத்திரையில் இவை 180, 120, கூட்டினால் 300 மில்லிகிராம்தான். 100 மாத்திரை 40 வெள்ளி (ரிங்கிட்), 'டிரிபிள் ஸ்ட்ரெங்த்' 60 மாத்திரை 70 வெள்ளி என்றால் எது மலிவு? இரண்டாவதில் மாத்திரைக்கு 900 இருந்தால், ஒரு கிராம் ஒமேகா-3க்கு இரண்டிலும் ஏறக்குறைய 1 வெள்ளி 30 காசுதான். இந்தக் கணக்கைப் போடச் சொன்னால் ஏஜெண்டுகளுக்குப் பிடிக்காது.

அவர்களுக்குப் பிடித்தது போலிஸ்டிரின் கப் வித்தை. ஒருவர் போட்டிக் கம்பெனி எண்ணெயை ஊற்றி, கப் ஓட்டையானதும் "பாருங்க தங்கச்சி, வயித்துல என்ன பண்ணும்னு" என்பார். இன்னொருவர் தன் எண்ணெயையே ஊற்றி "கொழுப்ப இப்படித்தான் கரைக்கும்" என்பார். ஒரே ஓட்டை, இரண்டு வியாபாரம்! விஷயம் இதுதான்: எத்தில் எஸ்டர் என்ற, ரசாயன முறையில் மாற்றியமைத்த வகை எண்ணெய் போலிஸ்டிரினைக் கரைக்கும். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் கரைக்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமானவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் ஒமேகா-3 மருந்துகளே பெரும்பாலும் எத்தில் எஸ்டர்தான். அதை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு போட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குப் பெரிய கவலை வெயில். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் மீன் எண்ணெய் காறிப்போகும். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் பாட்டிலையும், மோட்டார் கூடையில் ஊர் சுற்றி வந்த பாட்டிலையும் நான் தொடுவதில்லை. புது பாட்டில் திறந்ததும் ஒரு மாத்திரையைக் குத்தி முகர்ந்து பார்ப்பேன். லேசான மீன் வாடை சரி. பழைய பெயிண்ட் போலக் காறினால் குப்பைத்தொட்டிதான். எலுமிச்சை வாசனை சேர்த்தவை மூக்கை ஏமாற்றும். அரசாங்கத்தின் 'மால்' (MAL) மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாதது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பலன்? முட்டிவலியில் எனக்குப் பெரிய மாற்றமில்லை. டிரைகிளிசரைடைக் கணிசமாக இறக்க நாளுக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 வேண்டும். 4 கிராமுக்குச் சாதா மாத்திரை பதின்மூன்று விழுங்க வேண்டும். அதுவும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. அந்த அளவில் இதயத்துடிப்பு சீரற்றுப்போகும் அபாயம் கூடுகிறது. 'ஹார்ட் அட்டாக் வராது' என்பவர்களுக்கு: 2018இல் வெளிவந்த அமெரிக்காவின் வைட்டல் (VITAL) ஆய்வில் 25,000க்கு மேற்பட்டோரில் பாதிப் பேர் தினம் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தார்கள், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்த மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. மார்க்கெட்டில் கெம்போங் மீன் வாங்கி வாரம் இரண்டு முறை குழம்பு வைப்பவர்களுக்கு நான் மாத்திரை சிபாரிசு செய்வதில்லை.

நம்மவர்கள் கவனிக்காத இன்னொன்று மாத்திரையின் ஜெலட்டின் கூடு. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று அர்த்தம், மாடு இல்லை என்று அர்த்தமில்லை. ஹலால் மாத்திரைகளில் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. மாட்டிறைச்சி தொடாத வீடு என்றால் லேபிளில் 'போவைன்' (bovine, மாட்டுடையது) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மீன் ஜெலட்டின் கூடு போட்டதும் உண்டு, விலைதான் கூடுதல். நான் இப்போது வாங்குவது அதுதான்.